பெயரை மூடி, பக்கத்தில் வைத்து: நண்பர்களோடு ஒயின் ஒப்பிடுவது எப்படி

ஒரே ஒரு ஒயினை ஊற்றிக் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால், புதிதாகக் குடிப்பவர் "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். "இது அதைவிடப் புளிப்பு", "இதுல வாசம் தூக்கல்" என்று பேச்சு தானாக வரும். நாக்கு தராசு மாதிரி. இரண்டு தட்டிலும் ஏதாவது இருந்தால்தான் முள் அசையும்.

ஆறு பாட்டில், எட்டுப் பேர், இரண்டு மணி நேரம் என்ற கணக்கில் எழுதியிருக்கிறோம். ஆள் கூடக் குறைய இருந்தால் அளவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எதை எதோடு வைப்பது

"ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னால் ஒரு இனிப்பு ரோஸே, ஒரு ஆஸ்திரேலிய ஷிராஸ், யாரோ விமான நிலையத்தில் வாங்கிய நுரை ஒயின் என்று கதம்பமாக வந்து சேரும். எல்லாம் வேறு வேறாக இருப்பது புரியும், எதனால் வேறு என்பது புரியாது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். திராட்சை ஒன்று, ஊர் வேறு. அல்லது ஊரும் திராட்சையும் ஒன்று, தயாரிப்பாளர் வேறு. தயாரிப்பாளரும் ஒன்றாகி ஆண்டு மட்டும் மாறுவது மூன்றாவது வகை. அது வருஷக்கணக்கில் சேர்த்து வைத்தவர்களுக்கானது, முதல் தடவைக்கு வேண்டாம்.

தொடக்கத்துக்கு நல்ல வரிசை ஒன்று: வெள்ளையில் சோவின்யோன் பிளாங் என்ற திராட்சையில் மூன்று, அதாவது நாசிக், நியூசிலாந்தின் மார்ல்பரோ, பிரான்சின் லுவார். சிவப்பில் ஷிராஸ் மூன்று: நாசிக், ஆஸ்திரேலியாவின் பரோசா, பிரான்சின் வடக்கு ரோன். பிரான்சில் இதே திராட்சைக்கு சிரா என்று பெயர். பிரெஞ்சு லேபிளில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் இருக்கும், திராட்சையின் பெயர் இருக்காது. லுவாருக்கு சான்செர் கிடைத்தால் நல்லது, விலை கடித்தால் தூரேன் சோவின்யோன் போதும். ரோனுக்கு க்ரோஸ்-எர்மிதாஜ் என்று தேடுங்கள்.

விலையை வைத்துத் தரத்தை யூகிக்காதீர்கள். இந்தியாவில் வாங்கும் வெளிநாட்டு ஒயினின் விலையில் பெரும் பங்கு வரியும் கப்பல் கூலியும்தான். வெள்ளையில் கூடுமானவரை இளைய ஆண்டாகப் பார்த்து எடுங்கள். நியூசிலாந்தில் மார்ச், ஏப்ரலில் அறுவடை, பிரான்சில் செப்டம்பர் வாக்கில். அதனால் இரண்டிலும் ஒரே ஆண்டு போட்டிருந்தாலும் நியூசிலாந்துக்காரன் அரை வருஷம் மூத்தவன்.

கடையில் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். வெயில் படும் அலமாரியில் நின்றது வேண்டாம். கார்க் லேசாக வெளியே தள்ளியிருந்தாலோ, மூடித்தாளின் கீழ் பிசுபிசுப்பாக ஒழுகிய தடம் இருந்தாலோ அது சூட்டில் வெந்த பாட்டில். வாயில் வைத்தால் பழ வாசனை போய் ஜாம் மாதிரி இருக்கும்.

அளவு

ஒரு பாட்டில் 750 மி.லி. ஆளுக்கு 50 மி.லி. ஊற்றினால் எட்டுப் பேருக்கு 400 போகும், மீதி 350 இரண்டாம் சுற்றுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும். 12 பேர் வரை ஒரு பாட்டில் தாங்கும்.

50 மி.லி. கண்ணுக்கு மிகக் கொஞ்சமாகத் தெரியும். ஊற்றுகிறவர் கை தாராளமாகிவிடும், ஏழாவது எட்டாவது ஆளுக்கு வண்டல்தான் மிஞ்சும். இதைத் தவிர்க்க, ஒரு கண்ணாடியில் 50 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றி, அந்த மட்டத்தில் வெளியே ஒட்டுநாடா ஒட்டுங்கள். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஊற்றினால் போதும்.

ஆறு தடவை 50 என்றால் 300 மி.லி. 13 சதவீத ஒயினில் அது 39 மி.லி. சுத்த ஆல்கஹால், 650 மி.லி. சாதா பீர் ஒன்றில் இருப்பதைவிட அதிகம். "சின்னச் சின்ன வாய்தானே" என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். நான்காவது ஒயினிலேயே மூக்கும் மங்கும், எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஆகவே துப்ப வேண்டும். வெற்றிலை போட்ட காலத்துப் படிக்கத்துக்கு இங்கே மறுபடி வேலை வருகிறது. ஆளுக்கொரு காகிதக் குவளை, மேசைக்கு ஒரு மூடிய வாளி. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

கண்ணாடி

எவர்சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, வாசனையும் நிற்காது. வயிறு அகன்று வாய் குறுகிய, காம்பு வைத்த கண்ணாடி வேண்டும். சுவைப்பதற்கென்றே 1977-ல் வெளியான ஐஎஸ்ஓ 3591 என்ற சர்வதேசத் தர அளவுக் கண்ணாடி சுமார் 215 மி.லி. கொள்ளும் சின்னப் பாத்திரம்தான். பெரிய கிண்ணம் போன்ற விலையுயர்ந்த கண்ணாடி அவசியம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் எல்லா ஒயினுக்கும் ஒரே வடிவம் இருக்க வேண்டும். வடிவம் மாறினால் வாசனை மாறும், அப்புறம் ஒப்பிடுவது ஒயினையா கண்ணாடியையா என்று ஆகிவிடும்.

எட்டுப் பேருக்கு ஆறு வீதம் 48 கண்ணாடி எந்த வீட்டிலும் இருக்காது. ஆளுக்கு மூன்று போதும், முதலில் மூன்று வெள்ளை, பிறகு மூன்று சிவப்பு. நடுவே தண்ணீரில் கழுவினால் துளி தங்கி அடுத்த ஒயினை நீர்க்க வைக்கும். ஒரு தேக்கரண்டி அடுத்த ஒயினையே ஊற்றிச் சுழற்றிக் கொட்டுங்கள். ஆளுக்கொரு வெள்ளைத் தாளில் கண்ணாடியின் அடிவட்டத்தை மூன்று முறை வரைந்து எண் போட்டுக் கொடுங்கள். எது எந்தக் கண்ணாடி என்ற குழப்பமும் தீரும், நிறம் பார்க்க வெள்ளைப் பின்புலமும் கிடைக்கும்.

கூட்டம் தொடங்குமுன் காலிக் கண்ணாடியை முகர்ந்து பாருங்கள். அலமாரி வாசனை, சோப்பு வாசனை, ஈரத் துணியின் நாற்றம் என்று ஏதாவது இருக்கும். வெந்நீரில் அலசிக் கவிழ்த்து உலர்த்துங்கள்.

அறையும் சூடும்

சாம்பிராணி, ஊதுபத்தி, தலையில் மல்லிகை, சட்டையில் சென்ட், எல்லாவற்றுக்கும் அன்றைக்கு விடுமுறை. அடுப்பில் பெருங்காயத் தாளிப்பு நடந்துகொண்டிருந்தால் மேசையில் நடப்பது வீண். நேர் மேலே மின்விசிறி ஓடினால் வாசனையை அள்ளிக்கொண்டு போகும், அதை நிறுத்துங்கள்.

"சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறு" என்ற பழைய வாக்கு ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளை மனதில் வைத்துச் சொன்னது. சென்னை மே மாதத்து 33 டிகிரியில் சிவப்பு ஒயின் சாராயக் காரலாகத்தான் அடிக்கும். ஷிராஸுக்கு 16 முதல் 18 டிகிரி, வெள்ளைக்கு 8 முதல் 12. ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி போட்ட வாளியில் சிவப்புக்கு 10, 15 நிமிஷம், வெள்ளைக்கு 25, 30 நிமிஷம். வெறும் ஐஸ்கட்டி போட்டால் பாட்டிலை அங்கங்கேதான் தொடும், தண்ணீர் சேர்த்தால்தான் சீக்கிரம் குளிரும். ஃப்ரிட்ஜில் இரவெல்லாம் இருந்த வெள்ளையை ஊற்றுவதற்கு 15 நிமிஷம் முன்னால் வெளியே எடுங்கள். நாலைந்து டிகிரியில் எந்த ஒயினுக்கும் வாசனை எழாது. மட்டமான ஒயினைச் சில்லென்று கொடுப்பதன் சூட்சுமமும் இதுவே.

மூடி மறைப்பது

இதை விளையாட்டு என்று நினைத்துத் தவிர்ப்பவர்கள் உண்டு. 1976 மே 24-ல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி நடத்திய கூட்டத்தில், ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் லேபிள் தெரியாமல் கொடுத்த மதிப்பெண்ணில் வெள்ளையிலும் சிவப்பிலும் பிரெஞ்சு ஒயின்களைத் தாண்டிக் கலிஃபோர்னிய ஒயின்களே முதலிடம் பிடித்தன. பெயர் தெரிந்திருந்தால் அந்த முடிவு வந்திருக்குமா என்பது சந்தேகம். 2001-ல் வெளியான, பிரான்சின் போர்தோவில் நடந்த ஆய்வு இன்னும் வேடிக்கையானது. மணமில்லாத சாயம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, ஒயின் படிக்கும் 54 மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளில் வர்ணித்தார்கள். கண் முந்திக்கொண்டு மூக்குக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

மூடுவதில் சில நுணுக்கங்கள் உண்டு. கழுத்திலிருக்கும் மூடித்தாளை முழுதாக உரித்துவிடுங்கள், அதிலும் பெயர் இருக்கும். கார்க்கிலும் இருக்கும், அதைக் கண்காணாமல் எடுத்து வையுங்கள். திருகுமூடியைப் பார்த்ததும் "நியூசிலாந்து" என்று ஒருவர் கத்திவிடுவார், எல்லா மூடியையும் முன்பே கழற்றிவிடுங்கள். செய்தித்தாள் சுற்றுவது வழக்கம். ஆனால் குளிர்ந்த பாட்டில் வியர்த்துத் தாள் நைந்து மூன்றாவது ஆளுக்கு ஊற்றும்போது லேபிள் பல்லிளிக்கும். துவைத்த நீளமான காலுறை இதற்கு அருமையான உறை: நனைந்தாலும் கிழியாது, கையில் வழுக்காது, அடியிலிருந்து கழுத்து வரை மூடும். தோள் சரிந்த பாட்டிலா, தோள் தூக்கிய பாட்டிலா என்பதையும் தடித்த துணி ஓரளவு மறைக்கும்.

உறை போடுபவர் ஒருவர், அவர் அறையை விட்டுப் போனதும் இடம் மாற்றி எண் ஒட்டுபவர் இன்னொருவர். இப்படிச் செய்தால் எட்டுப் பேரும் கலந்துகொள்ளலாம், விடை தெரிந்த ஆள் யாரும் மேசையில் இருக்க மாட்டார். வெள்ளையும் சிவப்பும் மட்டும் கலந்துவிடக் கூடாது. வெள்ளை முன்னால், சிவப்பு பின்னால், இனிப்பு ஒயின் இருந்தால் எல்லாவற்றுக்கும் கடைசியில். இனிப்பை முதலில் குடித்தால் அடுத்து வருவதெல்லாம் புளிக்கும்.

தண்ணீரில் ஒரு ஒத்திகை

ஒயினைத் தொடுவதற்கு முன் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள். கால் லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இன்னொரு கால் லிட்டரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, மூன்றாவதில் பத்து நிமிஷம் ஊறி ஆறிய, பாலில்லாத கடுந்தேநீர். ஒவ்வொன்றிலும் ஒரு வாய். எலுமிச்சைக்குக் கன்னத்தின் இருபுறமும் எச்சில் ஊறும், தேநீருக்கு ஊறிய எச்சில் வற்றி ஈறும் நாக்கும் உரசும். முன்னது ஒயினின் அமிலம், பின்னது டானின். டானின் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வழவழப்பை இழக்கிறது.

இந்த உணர்வுக்கு நமக்கு அறுசுவையிலேயே இடம் இருக்கிறது: துவர்ப்பு. வாழைப்பூ, நாவல்பழம், பாக்கு என்று சின்ன வயதிலிருந்து பழகிய நாக்கு. இதில் ஒரு வார்த்தைப் பொறி மட்டும் உண்டு. லேபிளில் "டிரை" என்று போட்டிருந்தால் இனிப்பில்லை என்று அர்த்தம், துவர்ப்பு என்று அல்ல. துவர்ப்பே இல்லாத வெள்ளை ஒயினும் டிரைதான்.

அடுத்து, ஆளுக்கொரு ஏலக்காய் விதை. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடியுங்கள், ஒன்றும் தெரியாது. விரலை எடுத்தவுடன் வாசம் பொங்கும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம் என்பது அந்த நொடியில் விளங்கும்.

சுவைப்பது

கண்ணாடியை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறம் பாருங்கள். அதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். சுழற்றுவதற்கு முன் ஒரு முறை முகருங்கள். பிறகு அடியை மேசையில் வைத்தபடியே நாலு சுற்று சுழற்றி மறுபடி முகருங்கள். கையில் தூக்கிச் சுழற்றினால் முதல் நாள் பக்கத்து ஆள் சட்டையில்தான் கொட்டும். நீளமாக இழுக்காமல் இரண்டு மூன்று குட்டி மூச்சு. மூக்கு சீக்கிரம் பழகி மரத்துவிடும். மரத்தால் உங்கள் முழங்கையை முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள்.

ஒரு மேசைக்கரண்டி அளவு வாயில் வாங்கி, ஏழெட்டு நொடி எல்லா இடமும் படவிட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். சூடான ரசம் உறிஞ்சும் சத்தம் வரும், கூச்சப்பட வேண்டாம். துப்பிய பின் மனதுக்குள் எண்ணுங்கள்: மணம் எத்தனை நொடி நிற்கிறது? ஐந்துக்குள் போய்விட்டால் குட்டை, பத்தைத் தாண்டினால் நல்ல நீளம்.

மூன்றையும் ஒரு சுற்று முடித்துவிட்டு, கடைசியிலிருந்து முதலுக்கு இன்னொரு சுற்று போங்கள். வரிசையில் முதலில் வந்ததற்குப் புளிப்பு கூடுதலாகத் தெரிவது சகஜம், திரும்பி வந்தால் அந்தக் குறை நேராகும்.

எதைத் தேடுவது? சோவின்யோன் பிளாங்கில் பச்சைக் குடைமிளகாய், நறுக்கிய புல், கொய்யா, எலுமிச்சை. மார்ல்பரோவில் கொய்யாவும் பேஷன் பழமும் தூக்கலாக இருப்பது வழக்கம், லுவார் அடக்கமாக எலுமிச்சைப் பக்கம் நிற்கும். ஷிராஸில் மிளகு. இது உவமை இல்லை. ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் ஷிராஸிலும் அந்த மணத்தைத் தருகிறது. 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டபோது, சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது தெரியவே இல்லை என்றும் கண்டார்கள். ஆகவே உங்கள் மேசையில் ஒருவர் "மிளகா? எங்கே?" என்று கேட்டால் கேலி செய்ய வேண்டாம். குளிர்ந்த ஊரில் விளைந்த திராட்சையில் இது கூடுதல். பரோசாவின் வெயிலில் கனிந்ததில் மிளகு பின்வாங்கி, கனிந்த பழமும் ஆல்கஹாலும் முன்னே வரும்.

ஆங்கிலக் குறிப்புகளில் வரும் பழங்களை மனப்பாடம் செய்யாதீர்கள். "கூஸ்பெரி" என்றால் அகராதி நெல்லிக்காய் என்று சொல்லும், ஆனால் அது ஐரோப்பாவின் வேறொரு பழம், நம் நெல்லிக்காய் மணம் அதற்கில்லை. உங்கள் மூக்கு அறிந்ததைச் சொல்லுங்கள். மரப்பீப்பாயில் இருந்த ஒயினில் வரும் கிராம்பு மணத்துக்கும் சமையலறைக் கிராம்புக்கும் பொருள் ஒன்றே. மஸ்கட் ஒயின் என்றால் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையை நினைத்துக்கொள்ளுங்கள், அதுவே மஸ்கட் ஹாம்பர்க் ரகம்.

எழுதிவிட்டுப் பேசுங்கள்

மூன்று ஒயினுக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் "ஆஹா, மாம்பழம்!" என்றால் அடுத்த நிமிஷம் எட்டுப் பேருக்கும் மாம்பழம் மணக்கும். ஒவ்வொன்றுக்கும் நாலே வரி எழுதினால் போதும்: புளிப்பு, துவர்ப்பு, மணத்தில் இரண்டு வார்த்தை, நீளம். பிறகு பிடித்த வரிசையில் 1, 2, 3. நூற்றுக்கு 87 போன்ற மதிப்பெண் எல்லாம் வேண்டாம். 87-க்கும் 89-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

எல்லாருடைய இடங்களையும் கூட்டினால் குறைந்த எண் பெற்றதே வெற்றி. ஆனால் சுவாரசியம் பெரும்பாலும் அதில் இருக்காது. நாலு பேர் முதலிடமும் நாலு பேர் கடைசி இடமும் கொடுத்த பாட்டிலைப் பற்றிப் பேசுங்கள். புளிப்பு பிடிப்பவர் யார், இனிப்புக் கனிவு பிடிப்பவர் யார் என்று மேசையே இரண்டாகப் பிரிந்து நிற்கும். பேசி முடித்த பிறகே உறையைக் கழற்றுங்கள், விலை அதற்கும் பிறகு.

இன்னும் ஆர்வம் இருந்தால் முக்கோணச் சோதனை செய்து பாருங்கள். மூன்று கண்ணாடி, இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. வேறானது எது? குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவருக்குச் சரியாகிவிடும். எட்டில் ஐந்து பேர் சரியாகச் சொன்னாலும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். ஆறு பேர் சொன்னால் நம்பலாம், வெறும் யூகத்தில் அப்படி நடப்பது நூற்றுக்கு இரண்டு தடவைதான். நிறம் காட்டிக் கொடுக்காமல் விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டதை அடையாளம் காண்பது

எல்லாப் பாட்டிலையும் ஊற்றுவதற்கு முன் ஒருவர் முகர்ந்து பார்ப்பது நல்லது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த பழைய பேப்பர் போல வந்தால் கார்க் கெட்டது. டிசிஏ என்ற பொருள், லிட்டருக்கு நானோகிராம் கணக்கிலேயே பழ மணத்தை அமுக்கிவிடும். காற்றாட வைத்தாலும் போகாது. லேசாக இருக்கும்போதுதான் ஏமாற்றும்: நாற்றம் தெரியாது, ஒயின் மட்டும் ஊமையாக இருக்கும், புதியவர் "எனக்கு இந்தத் திராட்சை பிடிக்கலை" என்று முடிவு கட்டிவிடுவார். மாற்றுப் பாட்டில் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

அழுகிய முட்டை, தீக்குச்சி வாசனை வேறு கதை. காற்று போதாமல் அடைந்து கிடந்த கந்தக மணம் அது. ஒரு ஜாடியில் ஊற்றி நாலு முறை மாற்றி ஊற்றினால் பெரும்பாலும் பறந்துவிடும். நகப்பூச்சு நீக்கியும் காடியும் கலந்தாற்போல் மூக்கில் ஏறினால், அல்லது வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் போல வெள்ளை ஒயின் மணந்தால் காப்பாற்ற வழியில்லை. அடியில் கற்கண்டுத் தூள் மாதிரி மின்னினால் பயம் வேண்டாம், அது திராட்சையின் சொந்த அமிலம் உப்பாகப் படிந்தது.

கார்க் உடைந்து பாதி உள்ளே நின்றால் போராடாதீர்கள். உள்ளே தள்ளிவிட்டுத் தேநீர் வடிகட்டியில் வடித்து ஜாடியில் ஊற்றுங்கள்.

தின்பது

சுவைக்கும்போது தண்ணீரும் உப்புப் போடாத பொரியும் போதும். இட்லிகூட லேசாகப் புளிக்கும். சீஸ் வைப்பது வழக்கம்தான், ஆனால் அதன் கொழுப்பும் உப்பும் துவர்ப்பை மழுப்பி மோசமான சிவப்பையும் நல்லவனாக்கிவிடும். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். ஆகவே மிக்சரும் சிக்கன் 65-ம் உறை கழற்றிய பிறகு. வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி, வெற்றிலை, புதினா மிட்டாய் எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மிஞ்சியதை அரைப் பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடி, சிவப்பானாலும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளை இரண்டு மூன்று நாள், ஷிராஸ் நாலு நாள் வரை தாங்கும். கண்ணாடிகளை அன்றிரவே தண்ணீரில் அலசி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்ப்பதை மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள். காம்பு வைத்த கண்ணாடி உடைவதெல்லாம் கூட்டம் கலைந்த அந்த நேரத்தில்தான்.